ஜொகரா அக்கா நிலத்தில் நிக்கல் எங்கே போனது?

திருக்கோஷ்டியூரிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில், ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, பட்டுச்சேலையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அப்போது நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. நிறுத்தத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது ஒரு தகரக் கொட்டகை. பழைய பித்தளைச் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசிக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பட்டறை அது. நடத்தியவர் வெளியூர்க்காரர், ஒருநாள் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. கொட்டகையின் கழிவுநீர் வழிந்த தடம் பின்னாலிருந்த நிலத்துக்குள் நீளமாக ஓடியிருந்தது. தடம் முழுக்க வெளிறிய பச்சையில் உப்புப் பூத்திருந்தது. சீமைக்கருவேலமே வர மறுத்த இடம். எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலம் ஓரிடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டால், அந்த மண்ணில் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

அந்தத் தடத்தின் நட்டநடுவில் ஆளுயரத்துக்கு ஓர் ஆமணக்கு, இலைகளை விரித்துக்கொண்டு நின்றது.

இது எப்படிச் சாகாமல் இருக்கிறது? உலோகத்தை வேருக்கு வெளியே நிறுத்திவிடுகிறதா, இலைக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறதா? வாங்கி வைத்துக்கொள்கிறது என்றால், செடியை அறுத்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் மண்ணிலிருந்து அவ்வளவு உலோகம் குறையுமே! வேரைச் சுற்றியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குக் கூலியில்லாமல் கைகொடுக்கின்றனவா? குந்தி உட்கார்ந்து வேரடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது எனக்குத் தெரியவே தெரியாது.

பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது. ஆனால் திட்டப்பணி என்பதற்கு ஆயுள் மூன்று வருடம். மூன்றாம் வருடம் முடிந்த அன்று ஆய்வகத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு தட்டில் கேசரியும் மிக்சரும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கும் இரண்டு பேர் போன வாரம் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த நிலத்துல என்னதான் நடந்துச்சு? சார்கிட்டக் கேட்டா 'இருக்கட்டும்'ங்கிறாரு. நீங்களாச்சும் எழுதிக் குடுங்க." எழுதலாம். ஆனால் என்ன நடந்தது என்பது எனக்கும் முழுசாகப் புரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சார் என்றால் சொக்கலிங்கம் சார். காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் மண் பிரிவுக்குத் தலைவர். கைக்குட்டை மண்ணைக் கொண்டுபோய் அவர் மேசையில் அவிழ்த்தபோது, மண்ணை அவர் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்தார்.

"துவைச்சதா?"

"ஆமா சார்."

"எந்த சோப்புல?"

சோப்பின் பெயரை நான் யோசிப்பதற்குள், "சரி, இருக்கட்டும்" என்றார். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் அவரிடம் அந்த ஒரே சொல்தான். எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி, பையைக் கட்டினது யார், சீட்டு உள்ளே இருக்கிறதா வெளியேயும் இருக்கிறதா என்பதுதான். உலோகத்தை அளக்கும் கருவியில் ஓர் எண் வந்தால் நம்பமாட்டார். மூன்று முறை அளக்கச் சொல்லி, மூன்றையும் பென்சிலில் எழுதி, அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார். அந்தப் பேனா திறக்கும் சத்தத்துக்காக நான் தவம் கிடந்த நாட்கள் உண்டு.

படிப்பு முடிந்து அவரிடமே திட்டப்பணியில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் புட்டி கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குள் ஆமணக்கு வேரடி மண்ணைக் கரைத்து, நிக்கல் கலந்த ஊட்டக்கூழில் தடவி, அதிலும் சாகாமல் வளர்ந்த பாக்டீரியாவில் இரண்டு வகையைப் பிரித்தெடுத்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப்போனதும் அப்போதுதான்.

ஜொகரா அக்கா. கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் மூன்று கறவை மாடுகள். அம்மா வழியில் வந்த அந்த நிலத்தில் ஓரத்தை மட்டும் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் செடி, பாக்டீரியா என்று மூச்சு விடாமல் விளக்கி முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, எனக்கு இதெல்லாம் விளங்காது. பருத்திப்பிண்ணாக்கு, வைக்கோலுன்னு வாங்கிப் போட்டே ஓஞ்சு போனேன். இந்த நெலத்துல மாட்டுக்குச் சோளத்தட்டை போடலாமா கூடாதா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க."

"அதச் சொல்லத்தான்க்கா வந்திருக்கோம்."

"எப்பச் சொல்லுவீக?"

"ரெண்டு வெள்ளாமை ஆகட்டும்க்கா."

"அந்த மாட்டுப் பாலு இந்தத் தெருப் பிள்ளைக பூராவும் குடிக்கிது. பாத்துச் சொல்லுங்க" என்றார். மூன்று வருடமும் அந்த நிலத்தில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நாங்கள் எங்களுக்காகக் கேட்டுக்கொண்டவை.

நான்கு பாத்தி பிரித்தோம். ஒன்றில் செடி மட்டும். ஒன்றில் பாக்டீரியாக் கரைசல் மட்டும். ஒன்றில் இரண்டும். நான்காவதில் எதுவுமில்லை, அது சும்மா பாத்தி. மற்ற மூன்றிலும் நடப்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சும்மா பாத்தி. அது இல்லையென்றால் மழையால் குறைந்ததையும் செடியால் குறைந்ததையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மண் எடுப்பதை இளையவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உலோகத்தைத் தேடும் மண்ணை உலோகத்தால் கீறக்கூடாது என்பதால் மூங்கில் கரண்டி. பாத்திக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒன்பது இடங்களில், சருகைத் தள்ளிவிட்டு, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த ஆழத்தில் குழி. குழியின் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு சீவல். ஒன்பது சீவலையும் பிளாஸ்டிக் விரிப்பில் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நான்காக்கி, அரைக் கிலோவுக்கு வரும்வரை இதே வேலை. அப்புறம் நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் கட்டி உடைத்து, நைலான் சல்லடையில் சலித்து, அதில் ஒரு சிட்டிகையை அமிலத்தில் வேகவைத்து வடிகட்டிக் கருவியில் கொடுத்தால் எண் வரும். ஒரு முழு நிலத்தின் கதையை அந்த ஒரு சிட்டிகை சொல்லிவிடும் என்று நாங்கள் நம்புகிறோம். எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

கரைசலை வெல்லப்பாகு கலந்த நீரில் வளர்த்து, இருபது லிட்டர் கேனில் பஸ்ஸில்தான் கொண்டுபோவேன். புளித்த வாடை பஸ் முழுக்கப் பரவும்.

"என்னம்மா, கள்ளா?" என்றார் கண்டக்டர்.

"பாக்டீரியாண்ணே."

"அதுக்குக் கள்ளே தேவலையே. படிக்கட்டுப் பக்கமா வையி, எம்மேல கிம்மேல ஏறிறப் போகுது."

ஆமணக்கு மாட்டுக்கு விஷம் என்பதால் முதல் வெள்ளாமை கடுகு. திட்டத்தின் இரண்டாம் வருடக் கார்த்திகையில் விதைத்து, மாசியில் வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினோம். நிக்கல் செடிக்குள் ஏறியிருந்தது. மண்ணில் குறைந்தது மிகக் கொஞ்சம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கொஞ்சம். மூட்டைகளை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எரித்தால் சாம்பலில் இருக்கும், புதைத்தால் மறுபடி மண்ணில் இருக்கும். அபாயக் கழிவு எடுப்பவர்கள் வருவார்கள் என்று ஆய்வகத்தின் பின் அறையில் வைத்துப் பூட்டினோம். இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் சுத்தம் செய்தோமா, இடம் மாற்றினோமா? இதை நான் சாரிடம் கேட்டபோது, "நல்ல கேள்வி, இருக்கட்டும்" என்றார்.

சித்திரைக் கடைசியில் ஒரு தேர்வுக்குப் படிக்க விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திரும்பி நிலத்துக்கு வர ஆனி ஆகிவிட்டது. பாத்தி முனைக்குச்சிகள் நட்ட இடத்திலேயே நின்றன. மண் மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கள ஏட்டில் நான் எழுதியது இது: "மண்ணின் நிறம் கருமையாகியுள்ளது. நுண்ணுயிர்ப் பெருக்கத்தின் நல்ல அறிகுறி." பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு.

இரண்டாவதாகச் சூரியகாந்தி போட்டோம். அது வளர்ந்த வளர்ச்சியை என்னவென்று சொல்ல! பூவெல்லாம் தட்டுத் தட்டாக இருந்தது. கரைசல் வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிடுங்கியபின் மண் எடுத்து, வேகவைத்து, கருவியில் கொடுத்தால், நிக்கல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று தடவை அளந்தோம், அதே எண்கள்.

ஒரே ஒரு உறுத்தல். சும்மா பாத்தியிலும் இறங்கியிருந்தது. ஏறத்தாழ மற்றதைப் போலவே.

சார் பென்சிலால் அந்த வரிசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இது ஏன் எறங்குச்சு?"

என்னிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. மழைத் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாக்டீரியாவை அங்கே கொண்டுபோயிருக்கலாம். பக்கத்துப் பாத்திச் சூரியகாந்தி வேர் அடியில் எட்டியிருக்கலாம். மழை நிக்கலைக் கழுவிக் கீழே இறக்கியிருக்கலாம். ஒவ்வொன்றும் அறிவுள்ள காரணம். ஒன்று போதாது என்பதால்தான் மூன்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"இருக்கலாம்" என்றார் சார். இருக்கட்டும் இல்லை, இருக்கலாம். பேனாவைத் திறந்தார்.

அந்தச் சத்தம் போதும் எனக்கு. வெளியே ஓடிவந்து, வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டேன். "அக்கா, எறங்கிருச்சுக்கா! தட்டை போடலாம்!"

"நெசமாவா? நல்லாருப்பீக டீச்சரம்மா. நாளைக்கே வெதச்சிர்றேன்."

விதைத்தும்விட்டார். ஒரு மாதம் கழித்து, இறுதி அறிக்கைக்குப் படம் எடுக்கப் போனேன். சோளம் முழங்காலுக்கு மேல் வளர்ந்து அசைந்துகொண்டிருந்தது. வேலிக்குக் கல்லுக்கால் ஊன்ற அக்கா ஆள் விட்டுக் குழி தோண்டிப் போட்டிருந்தார். படத்துக்குக் கோணம் பார்த்துப் பின்னால் நகர்ந்த நான் அந்தக் குழிக்குள் ஒரு காலை விட்டேன். காலை எடுக்கக் குனிந்தபோது குழியின் சுவர் தெரிந்தது. மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே, கோடு போட்டாற்போல, அதே பழைய வெளிறிய பச்சை.

நாங்கள் மண் எடுத்தது மேல் ஒரு சாணில் மட்டும்.

"அக்கா, இந்தக் கறுப்பு மண்ணு ஏது?"

"கரம்பைதேன். கம்மாயில தூர் வாருனாகள்ல, அப்ப அடிச்சது."

"எப்ப?"

"வைகாசியில. நீங்க பரீட்சைக்குன்னு போயிட்டீக. கடுகு நோஞ்சானா நின்னுச்சே, பாவம் பிள்ளைக வெயில்ல கெடந்து பாடுபடுதுகளேன்னு டிராக்டர்ல அடிச்சு நெரவச் சொன்னேன். குச்சியில ஒண்ணக்கூட அசைக்கல."

"நாலு பாத்திக்குமாக்கா?"

"பின்ன? அந்தச் சும்மா பாத்தி மட்டும் என்ன குத்தம் செஞ்சுச்சு? ஒரே நெலத்துல ஓரவஞ்சனை பண்ணுவாகளா?"

கோடையில் கண்மாய் வற்றினால் அடியில் படிந்த கறுப்பு வண்டலை, அதாவது கரம்பையை, அள்ளி நிலத்தில் அடிப்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வேலை. நிறம் கறுத்ததைப் பார்த்ததும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கரம்பை என்று சொல்லியிருப்பார்கள். எனக்குப் பாக்டீரியா தெரிந்தது.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நல்லாருக்கே கதை! நீங்க கேட்டீகளா? டப்பாவுல கொண்டாந்து என்னத்தையோ ஊத்துனீகளே, எங்கிட்டக் கேட்டா ஊத்துனீக?"

மெதுவாகச் சொன்னேன், நிக்கல் குறையவில்லை, அதன்மேல் நல்ல மண்ணைப் போர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று. கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம், தெரியாது என்று. அக்கா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கறுப்பையும் பச்சையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப மேல இருக்கது எம்மண்ணு, கீழ இருக்கது பட்டறைக்காரன் மண்ணு. தட்டை வேரு எதுல நிக்கிது?"

"தெரியலக்கா."

"போன்ல மட்டும் தெரிஞ்சுச்சு ஒனக்கு."

அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. எழுந்து, மடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சாரிடம் சொன்னபோது 'இருக்கட்டும்' வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "நானும் கையெழுத்துப் போட்டேனேம்மா" என்றார். பிறகு அச்சுக்குப் போகவிருந்த அறிக்கையைத் திருப்பி வாங்கி, கரம்பையை எழுதச் சொன்னார். எத்தனை டிராக்டர் என்பதை அக்காவிடம் கேட்டு எழுதச் சொன்னார். ஏட்டில் என் ஆச்சரியக்குறியை அழிக்கக்கூடாது, அப்படியே இருக்க வேண்டும் என்றார். கடைசியில், நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்து, "அப்ப செடி என்னதான் செஞ்சுச்சு?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சோளத்தையே அளந்து பார்த்தால் என்ன என்று ஆறு தூறு அறுத்து வந்தேன். தெளிவு கிடைக்கும் என்று நினைத்தேன். நான்கில் நிக்கல் மிகக் குறைவு, இரண்டில் கூடுதல். கூடுதலான இரண்டும் கழிவுநீர்த் தடத்தின் மேல் நின்றவை, சரி. ஆனால் தடத்தின் நட்டநடுவில் நின்ற மூன்றாவது தூறு, குறைவான நான்கில் ஒன்று. அங்கே கரம்பை கனமாக விழுந்திருக்கிறதா? அதன் வேர் மட்டும் மேலேயே படர்ந்துவிட்டதா? இல்லை, நாங்கள் ஊற்றிய கரைசல் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிஜமாகவே எதையாவது செய்ததா? மூன்று காரணம் தோன்றினால் பயமாக இருக்கிறது இப்போதெல்லாம். திட்டம் இந்தக் குழப்பத்தோடுதான் முடிந்தது. எனக்குக் கேசரி கொடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

ஆனால் சோளம் நிலத்தில் நிற்கிறது. அக்கா ஒரு தட்டைகூட அறுக்கவில்லை. இளந்தட்டை மாட்டுக்கு ஆகாது, பூ வந்த பிறகுதான் அறுப்பார்கள் என்பதால் எப்படியும் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பூ வந்தபின் ரொம்ப நாள் விட்டால் முற்றிக் கட்டையாகிவிடும். அதற்குள் ஆமா, இல்லை என்று சொல்லியாக வேண்டும்; இந்த இடம் ஆமா, இந்த இடம் இல்லை என்றாவது சொல்லியாக வேண்டும். எனக்கு அங்கே இப்போது வேலை இல்லை. சாரிடம் போய்க் கேட்டேன். சனிக்கிழமைகளில் கருவியைத் தருகிறேன், அளக்க நானும் வருகிறேன் என்றார்.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். நிலத்தில் எட்டு இடத்தில் முழ ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும், ஒவ்வொரு குழியிலும் கரம்பையைத் தனியாக, கீழ் மண்ணைத் தனியாக, வேர் எங்கே போய் நிற்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றேன். கீழே நிக்கல் அப்படியே இருந்தால், மூங்கில் குழாயைக் கரம்பைக்குக் கீழே இறக்கி, கரைசலை அங்கே ஊற்றி, தடத்தின் மேல் ஆழமாக வேர்விடும் வெட்டிவேர் வைத்துப் பார்க்கலாம், அதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்றேன். அறுத்த வெட்டிவேர் எங்கே போகும் என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, அதையும் சொன்னேன்.

மறுமுனையில் மாடு கத்தியது.

"ஊத்துறது பெறகு பாப்போம். மொதல்ல குழி. வியாழக்கெழம வா. டிராக்டர்காரனையும் வரச் சொல்றேன், எங்க கனமாக் கொட்டுனான், எங்க மெல்லுசா நெரவுனான்னு அவனுக்குத்தேன் தெரியும். ஆனா ஒண்ணு, நாந்தேன் கொத்துவேன். நீ எழுது."

"மம்பட்டி கூடாதுக்கா, இரும்பு பட்டா எண்ணு மாறிரும்."

"முழ ஆழத்துக்கு அகப்பையாலயா தோண்டுவாக?"

நியாயம்தான். மண்வெட்டியால் அவர் குழி எடுப்பார். இரும்பு பட்ட சுவரை இரண்டு விரல் கனத்துக்கு மூங்கிலால் சீவித் தள்ளிவிட்டு, அதற்கு உள்ளேயிருந்து நான் மண் எடுப்பேன். பைகளுக்குச் சீட்டு வெட்டி வைத்துவிட்டேன், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வியாழக்கிழமைக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு.